தரையில் ஒரு விரல்

தண்ணீர் நீலமாகத் தெரிவதெல்லாம் அடியில் பதித்த டைல்ஸால்தான், தண்ணீருக்கென்று தனியாக ஏது நிறம், கையில் அள்ளினால் குழாயடித் தண்ணீர் மாதிரிதானே இருக்கிறது, இதற்குப் போய் அறுபத்தேழு வயதில் ஒரு மனுஷி பயப்படுவதா என்று பிலோமினா தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டபடியே நீச்சல் குளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். கெண்டைக்கால் வரை நனைந்திருந்தது. உடம்பில் மணிக்கட்டும் கணுக்காலும் மூடிய கறுப்பு உடுப்பு, தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. பேத்திக்காம்மா என்று கடைக்காரன் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு, பேத்தி கொஞ்சம் குண்டு, பெரிய அளவாகக் கொடு என்றும் சேர்த்துச் சொன்னாள். இல்லாத பேத்தியைக் குண்டாக்கிய பாவத்தை அந்த வாரம் மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று யோசித்து, சாமியார் சிரித்துவிடுவார் என்று விட்டுவிட்டாள். தலையில் ரப்பர் தொப்பி. காதோடு அமுக்குகிற எதுவும் அவளுக்குப் பழைய ஹெட்போன்தான், திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அதை மாட்டிக்கொண்டு எத்தனை வருஷம், தஞ்சாவூர் கிடைச்சாச்சு பேசுங்க, மெட்ராஸ் லைன் பிஸி, லைன்ல இருங்க, விட்டுடாதீங்க. ஊரே அவள் காதுக்குள் பேசியிருக்கிறது. ஒரு அழைப்பைக்கூட அவள் கேட்காமல் விட்டதில்லை, பக்கத்து நாற்காலி லூர்துமேரி தூங்கி வழிந்த நேரத்தில் அவள் பலகையில் எரிந்த விளக்குக்கும் பிலோமினாதான் பதில் சொல்லியிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது ஒரு விசில் சத்தத்துக்காக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கேட்கவே வேடிக்கையாக இல்லையா, இல்லை, கொஞ்சமும் இல்லை.

விசிலுக்குச் சொந்தக்காரி செல்வராணி மிஸ். ஓய்வுபெற்ற பெண்கள் சங்கமும் பக்கத்துப் பள்ளிக்கூடமும் சேர்ந்து சனிக்கிழமை காலையில் நடத்துகிற இந்த வகுப்பில் ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை ஜோடி. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரிந்திருக்கக் கூடாது, வேறு தகுதி வேண்டாம். தண்ணிக்கு யாரு பெரியவங்க யாரு சின்னவங்கன்னு தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கங்க, ஒருத்தர் தேறினா போதாது, ஜோடியா தேறணும், இதுதான் மிஸ்ஸின் சட்டம். கைகோத்துக்கொண்டு மல்லாந்து மிதக்க வேண்டும், மிஸ் இருபது எண்ணுகிற வரைக்கும். கை விட்டுப்போனால் பரவாயில்லை, கால் தரையில் படக் கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில் அது முடிந்துவிட்டால் சிவப்புக் கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கே பிலோமினாவுக்கு நெஞ்சுக்கு மேலே தண்ணீர், பிள்ளைகளுக்குத் தலைக்கு மேலே. எல்லா ஜோடியும் தாண்டியாயிற்று. பிலோமினாவும் அவள் ஜோடிப் பிள்ளை கனிஷ்காவும் மட்டும் போன வாரம் கால்வலி, அதற்கு முந்தின வாரம் காதுவலி, அதற்கும் முந்தின வாரம் இரண்டு பேருக்கும் சேர்த்து வயிற்றுவலி என்று ஒப்பேற்றிக்கொண்டு இந்தப் பக்கமே கிடந்தார்கள். இன்று வந்ததும் வராததுமாக மிஸ் சொல்லிவிட்டாள், "இன்னைக்கும் கயிறைத் தாண்டலைன்னா ஜோடியை மாத்திருவேன்மா. கனிஷ்கா சுலோச்சனா அம்மாகூட போகட்டும். உங்களுக்கு அடுத்த பேட்ச்ல யாராச்சும் புதுசா பார்க்கலாம்." மருந்துக்கடை சுலோச்சனாவின் ஜோடிப் பிள்ளை அப்பாவுக்கு மாற்றலாகி மதுரைக்குப் போய்விட்டது. சுலோச்சனா தனியாக, ஆனால் தக்கை மாதிரி மிதக்கிறாள், மிதந்துகொண்டே பக்கத்தில் போகிறவர்களிடம் மருமகளைப் பற்றிப் பேசுகிறாள். அவளோடு போனால் கனிஷ்கா அடுத்த சனிக்கிழமையே கயிற்றைத் தாண்டிவிடும். போகட்டுமே. நல்லதுதானே பிள்ளைக்கு. நல்லதுதான் என்று நினைக்கும்போதே பிலோமினாவுக்குச் சுலோச்சனாவின் பூப்போட்ட தொப்பியைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது.

அத்தை. முதல் நாள் மிஸ் எல்லாப் பிள்ளைகளிடமும் பாட்டி என்று கூப்பிடச் சொன்னாள். நான் யாருக்கும் பாட்டி இல்லை என்று பிலோமினா வெடுக்கென்று சொன்னாள், சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது. எதிரே நின்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளை, முட்டி இரண்டும் மரக்கணு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் அவளை மேலும் கீழும் பார்த்தது. "எனக்கு ரெண்டு பாட்டி ஏற்கெனவே இருக்காங்க. சித்தி இருக்காங்க, பெரியம்மா இருக்காங்க. எங்கப்பா ஒரே புள்ள, அதனால அத்தைதான் இல்ல. நீங்க அத்தையா இருங்க." காலியிடத்துக்கு ஆள் எடுப்பதுபோல அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. மத்திய அரசு வேலைக்குக்கூட அவள் இரண்டு தடவை இண்டர்வியூ போனாள். அத்தை என்று கூப்பிட அவளுக்கும் யாரும் இல்லை, அண்ணன் பிள்ளைகள் பெங்களூரில் ஆன்ட்டி என்பதோடு சரி. அத்தை, உங்களுக்கு ஏன் கல்யாணம் ஆகல? நேரம் கிடைக்கலை கண்ணு. இப்ப நேரம் இருக்குல்ல? இருக்குதான். அப்ப பண்ணிக்கங்க, நான் வரேன், ஆனா சனிக்கிழமை வேணாம், நீச்சல் இருக்கு. இதை நினைத்து நினைத்துப் புதன்கிழமை பாலக்கரை மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் தனியாகச் சிரித்துவிட்டாள், காய்க்காரி என்னம்மா முத்தலா என்றாள். வாரம் என்பது முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தொடங்கி எங்கேயும் போகாமல் அடுத்த பூசைக்கு வந்து சேரும். இப்போது அது சனிக்கிழமையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் புதுசாக யாராவது ஒரு பிள்ளையிடம் மறுபடியும் நான் பாட்டி இல்லை என்று ஆரம்பிக்க வேண்டுமா. மாட்டாள். சங்கத்துக் கூட்டத்துக்கும் போக மாட்டாள், சுலோச்சனாவின் மருந்துக்கடையில் மாத்திரையும் வாங்க மாட்டாள்.

சரி, தாண்டிவிட வேண்டியதுதானே. அங்கேதான் வந்து முட்டிக்கொண்டது. எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாலும் நினைப்பு அங்கேதான் வந்து முட்டும், வலது கால் பெருவிரலில். அந்த விரலுக்கும் பிலோமினாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அவள் இதுவரை மிதந்ததே இல்லை. மல்லாந்து படுப்பாள், வயிறு மேலே வரும், இடது கால் அழகாக மிதக்கும், வலது கால் மட்டும் லேசாக மடங்கிக் கீழே இறங்கி, பெருவிரல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஊன்றுவதுகூட இல்லை. தொடுவதுதான். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைப்பார்களே அந்த அளவு. முதல் தடவை பயத்தில் தானாக நடந்தது, உடனே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் பக்கத்தில் படுத்திருந்த கனிஷ்கா, "மிஸ், அத்தை மிதக்குறாங்க! மிஸ், நானும்! ரெண்டு பேரும் மிதக்குறோம்!" என்று குளமே அதிரும்படி கத்தியது. அந்தச் சந்தோஷத்தில் போய் எப்படி விரலைப் பற்றிப் பேசுவது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை, "நீங்க மிதக்குறதைப் பார்த்துத்தான் அத்தை நானும் மிதக்குறேன்" என்றது. போச்சு. அதற்குப் பிறகு எங்கே சொல்வது. பிள்ளை நிஜமாகவே மிதக்கிறது, சுவர்ப் பக்கம்தான் படுப்பேன் என்று அடம்பிடித்து அந்தப் பக்கமாகப் படுத்து, நெத்திலி மாதிரி நீளமாக, எவ்வளவு அழகு. அதன் கையைப் பிடித்துக்கொண்டு இவள் ஏமாற்றுகிறாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் விரல் எட்டாது. அங்கே போய்ப் படுத்தால் இவள் கல் மாதிரி இறங்குவாள், கூடவே கையைப் பிடித்திருக்கிற பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இறங்குவாள், இறங்கினால் கூடப் பரவாயில்லை, ஓ அத்தை மிதக்கவே இல்லையா இத்தனை நாள் என்று அது பார்க்குமே ஒரு பார்வை, அதற்குப் பேசாமல் சுலோச்சனாவோடு அனுப்பிவிடலாம், அனுப்பத்தான் மனசு வரவில்லையே. சின்னப் பிள்ளையாக முக்கொம்புக்குச் சுற்றுலா போனபோதும் இப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமும் தண்ணீரில் கிடந்து கூத்தடித்தது, சிஸ்டர்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கினார்கள், பிலோமினா செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். நீ இறங்கலையா என்று கேட்டவர்களிடம், யாராவது செருப்பைப் பார்த்துக்கணும்ல என்றாள். காவிரி ஓடுகிற ஊரில் பிறந்து வளர்ந்து, அத்தனை ஜோடிச் செருப்பையும் அவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாள். ஒன்றுகூடத் தொலையவில்லை. தொலைந்திருந்தால்தான் என்ன என்று இப்போது, இந்த விளிம்பில் உட்கார்ந்து, முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது.

"அத்தை, மிஸ் கூப்புடுறாங்க." கனிஷ்கா பக்கத்தில் வந்து நின்றது. வழக்கமாக ஓடிவந்து தண்ணீரைத் தெளிக்கும், இன்று நடந்து வந்தது. பிலோமினா கவனித்தாள், கவனித்ததைத் தன் பயம் மூடிக்கொண்டது. இறங்கினார்கள். குளிர் இடுப்பைச் சுற்றி வளைத்தது, குளோரின் வாசனை, உடுப்புக்குள் காற்று புகுந்து முதுகில் குமிழி விட்டது. கயிற்றுப் பக்கமாக நடக்க நடக்கத் தரை சரிந்தது. அந்தப் பெருவிரல் ஒவ்வொரு டைல்ஸாகத் தொட்டுத் தொட்டு விடைபெற்றுக்கொண்டு வந்தது. கனிஷ்காவுக்குத் தாடை வரை வந்ததும் அது பேசாமல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது, இவ்வளவு சின்ன உடம்புக்குள் நெஞ்சு இப்படியா அடித்துக்கொள்ளும், இல்லை அது என் நெஞ்சா. கயிறு தோளில் உரசிப் பின்னால் போனது. தாண்டியாயிற்று. கரையில் செல்வராணி மிஸ் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெடியா? ரெண்டு பேரும் மெதுவா சாஞ்சுக்கங்க."

"அத்தை." காதுக்குள் வந்தது குரல், ரப்பர் தொப்பியை ஒட்டி, அந்தக் காலத்து டிரங்க் கால் மாதிரி எங்கேயோ தூரத்திலிருந்து. "இங்க சுவரு இல்ல."

"இல்லதான் கண்ணு. எதுக்கு சுவரு?"

கழுத்தைச் சுற்றிய கை இறுகியது. பிறகு மூச்சுவிடாமல் கொட்டியது. "நான் மிதக்கவே இல்லத்தை. சுவத்துல ஒரு பள்ளம் இருக்கும்ல, தண்ணி போறதுக்கு, அதுல ஒரு விரலை வச்சுப் பிடிச்சுக்குவேன். எல்லா நாளும். நீங்க மட்டுந்தான் மிதந்தீங்க. நான் சும்மா சொன்னேன். மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. என்னை அந்தப் பூத்தொப்பி பாட்டிகூட அனுப்பிடாதீங்க."

பிலோமினாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் காதில் ரத்தம் ஏறியது. அந்தச் சுவர்ப் பக்கம். தூங்கும்போது சில பிள்ளைகளுக்குச் சுவர்ப் பக்கம் வேண்டும், அந்த மாதிரி ஒரு பழக்கம் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கையில் இவளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி கள்ளி. இதுதான் சமயம். பரவாயில்ல கண்ணு, அத்தை இருக்கேன், அத்தைக்கு மிதக்கத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடும், பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவளும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், லைன் செத்துப்போனது தெரிந்தும், இதோ கிடைச்சிரும் சார், கொஞ்சம் இருங்க. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கழுத்தில் தொங்குகிற இந்தப் பிள்ளை இப்போது தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுக் கை காலியாக இருக்கிறது, அதனிடம் போய் இன்னொரு பொய்யைக் கொடுக்க முடியாது. வேண்டாம், போனால் போகட்டும், பார்க்கிற பார்வையைப் பார்க்கட்டும்.

"நானும் மிதக்கல."

"எப்ப?"

"எப்பவுமே. பெருவிரலை ஊனிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

கனிஷ்கா கழுத்திலிருந்து முகத்தை எடுத்து அவளைப் பார்த்தது. பிலோமினா பயந்திருந்த பார்வை அது இல்லை. "பொய்யி." "சத்தியமா." "அப்ப யாருதான் மிதந்தது?" என்று கேட்டது அந்தப் பிள்ளை, கேட்டுவிட்டு அதுவே தாங்க முடியாமல் சிரித்தது, மூக்கால் சிரித்தது, பிலோமினாவுக்கும் வயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. யாருமே மிதக்காமல் ஊரைக் கூட்டி மிதக்குறோம் மிதக்குறோம் என்று கத்தியிருக்கிறோமே, சிரிக்கச் சிரிக்க உடம்பு குலுங்கியது, ஒரு டைல்ஸ் வழுக்கியது, அவ்வளவுதான், வானம் போய்விட்டது.

பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். ஓசையே இல்லை. மூக்கில் எரிச்சல், வாய் நிறைய குளோரின், பிள்ளை எங்கே, கழுத்தில் இல்லை, பிள்ளை எங்கே, அருள் நிறைந்த மரியே, ஜெபம் அதற்கு மேல் வரவில்லை, கை தேடியது, ஒரு கை கிடைத்தது, கிடைத்த அதே நேரத்தில் கால் தரையில் தட்டியது, உந்தினாள், வெயில் முகத்தில் அறைந்தது. பக்கத்திலேயே கனிஷ்கா பீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது, அவள் தோளைத் தொற்றிக்கொண்டு இருமி, கண்ணைத் துடைத்து, ஏதோ புதையலைக் கண்டுபிடித்தவள் குரலில் கத்தியது. "அத்தை! கீழ தரை இருக்கு! நான் மிதிச்சேன்! மிதிச்சதும் அதுவே மேல தள்ளிருச்சு!"

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" மிஸ் கழியை நீட்டியபடி பாதித் தண்ணீரில் இறங்கியிருந்தாள். "ஏறிடுங்க, போதும், இன்னைக்கு வேணாம்."

"ஒண்ணும் ஆகல மிஸ்," என்றாள் பிலோமினா. இருமலுக்கு நடுவே சொன்னாலும் எக்ஸ்சேஞ்ச் குரலில்தான் வந்தது. "லைன்ல இருங்க." அதைக் கேட்டு மிஸ் விழித்தாள், கனிஷ்கா மறுபடியும் சிரித்தது. ஒண்ணும் ஆகவில்லைதான். இவ்வளவு காலமாக எதற்குப் பயந்தாளோ அது நடந்து முடிந்துவிட்டது, மூக்கு எரிகிறது, அவ்வளவுதான் அது. இதற்காகவா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையின் கையைப் பிடித்தாள். சுவர் இல்லாத நடுத்தண்ணீரில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏமாற்றுவதற்கு இனி எந்த விரலும் மிச்சமில்லை. "வாயை மூடிக்கங்கத்தை, பூச்சி போயிரும்," என்றது கனிஷ்கா. சாய்ந்தார்கள்.

காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் உலகம் வேறு அறைக்குப் போய்விட்டது. ஒண்ணு, என்று எங்கிருந்தோ மிஸ். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வலது கால் மடங்கப் பார்த்தது, பழைய பழக்கத்தில் கீழே தேடியது, தேடியதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையே, இப்போது இறங்கப் போகிறேன், இப்போது, இதோ. இறங்கவில்லை. முதுகுக்குக் கீழே ஏதோ இருந்தது, கை இல்லை, தரை இல்லை, அவள் மூச்சை இழுத்தால் அதுவும் உயர்ந்தது, விட்டால் அதுவும் தாழ்ந்தது. ஏழோ எட்டோ. தூரத்தில் தண்ணீரை விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு சின்னதாக இரண்டு என்னவோ தெரிந்தது, யாருடையவை என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பார்த்தால் தன் கால் கட்டைவிரல்கள், இத்தனை வாரமாகத் தரையைப் பிடித்துக்கொண்டு கிடந்த அந்த வலது பெருவிரலும் சேர்த்து, ஈரமாக, சுருங்கிப்போய், வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. வந்தால் என்ன, முகம் ஏற்கெனவே நனைந்துதான் இருக்கிறது. சந்தோஷம் என்றே சொல்லலாம், வேறு பேர் எதற்கு. பிறகுதான் தெரிந்தது, கையில் கை இல்லை. எப்போது விட்டது, யார் விட்டது, நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, தலையைத் தூக்காதே, தூக்கினால் கால் இறங்கிவிடும், கண்ணை மட்டும் திருப்பு. திருப்பினாள். இரண்டு முழம் தள்ளி கனிஷ்கா தனியாக, கைகளைப் பரப்பிக்கொண்டு, ஊருக்கெல்லாம் மூடச் சொன்ன வாயைத் தான் மட்டும் ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு மிதந்தது. பூச்சி போயிரும்டி, என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் அது இவள் பக்கம் திரும்பும். அவள் சொல்லவில்லை.

"இருபது! அவ்வளவுதான், ரெண்டு பேரும் பாஸ். எந்திரிச்சுக்கங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கனிஷ்கா! பிலோமினாம்மா! போதும், எந்திரிங்க, கேக்குதா?" கனிஷ்காவுக்குக் கேட்கவில்லை, அது வானத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது. பிலோமினாவுக்குக் கேட்டது, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஒரு அழைப்பைக்கூடத் தவறவிடாத காது அது. மிஸ் மூன்றாம் தடவை கூப்பிட்டபோதும் பதில் சொல்லாமல், கேட்காதவள் மாதிரி, அவள் மிதந்துகொண்டிருந்தாள்.